மவுஸால் வெட்டிய மரங்கள்

கல்யாண ஆல்பம்தான் எனக்குச் சோறு போடுகிறது. வத்தலக்குண்டில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் கருவளையத்தை வெளுப்பது, தாலி கட்டும் நேரத்தில் பின்னால் நின்று கொட்டாவி விடும் சித்தப்பாவை வாழை மரத்தால் மூடுவது, இப்படித்தான் என் ராத்திரிகள் போகும். இதைத் தப்பு என்று நான் நினைத்ததில்லை. கேட்கிறார்கள், செய்து கொடுக்கிறோம். ஒரே ஒரு தடவை ஓர் அம்மா ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். "என் பொண்ணுக்கு மோவாயில ஒரு மச்சம் உண்டே, அது எங்க தம்பி?" பருவோடு பருவாக அதையும் எடுத்திருந்தேன். அசல் ஃபைல் கையில் இருந்ததால் மச்சத்தைத் திரும்ப வைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடித்துச் சமாளித்தேன். ரொம்ப நாள் இதை ஒரு வேடிக்கைக் கதையாக டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலை எனக்குத் தொழில் இல்லை, ஆசை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் ஏறிவிடுவேன். ஆனால் 2006-ல் குறிஞ்சி பூத்தபோது மட்டும் ஏற முடியவில்லை. கடை வைத்த புதிது. வந்த கல்யாணத்தை விட்டால் அடுத்தது வராது என்ற பயம். அந்த வருஷம் தபால் துறை குறிஞ்சிக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அதை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டதோடு என் குறிஞ்சி தரிசனம் முடிந்தது. நண்பர்கள் எடுத்து வந்த படங்களைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற செடி. பூத்து, விதை போட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த விதையில் முளைத்தது அடுத்து 2018-ல்தான் பூக்கும். சரி, 2018 என்று அன்றைக்கே மனசில் எழுதிவைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷம் ஒரே படத்தை மனசுக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் ஓர் உதாரணம். மலைக்குப் போவதற்கு முன்பே படம் முடிந்துவிட்டது. மலையிடம் ஒரு கையெழுத்து வாங்குவது மட்டும்தான் பாக்கி.

முதலில் மூணாறுக்குத்தான் திட்டம். இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைதான் குறிஞ்சிக்குப் பேர்போன இடம். ஆனால் அந்த ஆகஸ்டில் கேரளாவை வெள்ளம் புரட்டிப்போட்டது; ராஜமலைக்குப் போகும் வழியில் பெரியவாரைப் பாலமே உடைந்துவிட்டது. அதனால் செப்டம்பரில் நம் பக்கத்துக் கொடைக்கானல் மேல்மலைக்குப் போனேன். பூம்பாறை தாண்டி, பூண்டு வயல்களெல்லாம் தாண்டி, ஜீப் மட்டும் ஏறும் தடத்தில் ஓர் இடம். எந்த ஊருக்கு மேலே, எந்தச் சரிவு என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லிப் பட்டது போதும்.

ஒரு முகடு. அதிலிருந்து இறங்கும் புல்சரிவு. கீழே மலை மடிகிற இடத்தில் இருட்டாக ஒரு சோலை. சரிவில் குறிஞ்சி பூத்திருந்தது, ஆனால் நான் பன்னிரண்டு வருஷமாகப் பூக்க வைத்த மாதிரி இல்லை. திட்டுத் திட்டாக. ஒரு திட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் புல். முழங்கால் உயரப் புதர்கள். கிட்டே போனால் பூவைவிட இலைதான் கண்ணில் பட்டது. மழையில் அடிபட்டு, முன்னால் பூத்தவை பழுப்பாகிக் காம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. வெயில் மறைந்தால் பூ நீலம், வெயில் வந்தால் ஊதா. தேனீக்கள் மட்டும் எந்தக் குறையும் காணாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

வலது பக்கத்தில் வாட்டில் மரங்கள் நின்றன. எத்தனை, என்ன உயரம், எவ்வளவு தூரம் இறங்கியிருந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. அவற்றை எப்படித் தவிர்ப்பது என்று மட்டும்தான் பார்த்தேன்.

கேமராவைத் தொடுவதற்கு முன்பே எங்கே நிற்பது என்பதிலேயே பாதிப் பொய் சொல்லிவிடலாம். மேலேயிருந்து பார்த்தால் புதர்களுக்கு நடுவே உள்ள வெற்றுப் புல் அப்பட்டமாகத் தெரியும். கீழே இறங்கி, தரையோடு தரையாக உட்கார்ந்து, 200 மி.மீ. லென்ஸில் சரிவை நிமிர்ந்து பார்த்தால் முன்னால் இருக்கிற புதரும் பின்னால் இருக்கிற புதரும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் உள்ள இடைவெளி காணாமல் போகும். பாதி நாற்காலி காலியாக இருக்கும் அரசியல் கூட்டத்தை மக்கள் வெள்ளமாகக் காட்டுவது இந்த வித்தையில்தான். இலைகளின் ஈரப் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டர் போட்டு நீக்கினேன். மஞ்சு இறங்கி இறங்கி ஏறியது. காற்று நிற்கவில்லை. ஜீப் ஓட்டி வந்த தம்பி பொறுமை இழந்து, சரிவுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்க ஆரம்பித்தான். "நகருப்பா, ஃபிரேமுக்குள்ள வர்ற" என்று அதட்டினேன். அவன் முனகிக்கொண்டே தள்ளிப் போய் நின்று மறுபடி எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தபோது மனசு விட்டுப்போனது.

கேமரா பதிந்தது பதிந்தபடி இருக்கும் ரா ஃபைல் வெளிறித்தான் இருக்கும், அது எனக்குப் புதிதல்ல. அதைத் திருத்தாமல் யாரும் அச்சுக்குக் கொடுப்பதில்லை. அதிலும் நீலப் பூக்கள் ஒரு தனித் தலைவலி. சில நீலப் பூக்கள் நம் கண்ணுக்குச் சரியாக எட்டாத ஆழ்ந்த சிவப்பு ஒளியையும் சேர்த்துத் திருப்பி அனுப்பும். ஃபிலிம் அதைப் பிடித்துக்கொண்டு பூவை இளஞ்சிவப்பாக்கிவிடும் என்பது பழைய போட்டோகிராபர்களுக்குத் தெரிந்த தொல்லை. டிஜிட்டலில் வேறு மாதிரி. மேகமூட்டத்தைக் கண்டதும் என் கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் படத்தைச் சூடாக்கிவிட்டது. நேரில் நீலமாக நின்ற பூ, திரையில் சாம்பல் பூசிய ஊதாவாகக் கிடந்தது. அதனால் முதலில் நான் செய்த திருத்தத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வெட்கம் இல்லை. படத்தின் நிற வெப்பநிலையைக் குறைத்து, கண்ணால் பார்த்த நிறத்துக்குப் பூவைக் கொண்டுவந்தேன். அங்கே கையை எடுத்திருக்க வேண்டும்.

எடுக்கவில்லை. லைட்ரூமில் நீலத்துக்குத் தனி ஸ்லைடர், ஊதாவுக்குத் தனி ஸ்லைடர். இரண்டையும் வலதுபக்கம் தள்ளினேன். மஞ்சை எடுப்பதற்கு என்றே ஒரு ஸ்லைடர் உண்டு. மேல்மலையின் மூச்சே அந்த மஞ்சுதான், அதையும் துடைத்தேன். முகடு கத்தி மாதிரி தெளிந்தது. பூ இப்போது ஜொலித்தது. ஆனால் ஜொலிக்க ஜொலிக்க நடுவே இருந்த காய்ந்த புல் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. சரி என்று போட்டோஷாப்புக்குள் போனேன். கல்யாண வேலையில் பழகிய கை. பூ அடர்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வெற்றிடத்தில் ஒட்டினேன். பழுப்புப் பூக்களைப் பரு எடுக்கிற தூரிகையால் எடுத்தேன்.

கடைசியில் வலது ஓரம். மரத்தைச் சுற்றி ஒரு கோடு வளைத்துவிட்டால் போதும். அக்கம்பக்கத்துப் புல்லையும் வானத்தையும் வைத்து மென்பொருளே அந்த இடத்தை நிரப்பிவிடும். அது 2010-லிருந்து இருக்கிற வசதி. உயரமான மரங்கள் வானத்தில் கரைந்தன. அது சரியாக நிரப்பாத இடத்திலெல்லாம் குறிஞ்சிப் புதரை எடுத்து ஒட்டினேன். வாட்டிலை நிஜத்தில் ஒழிப்பது எப்பேர்ப்பட்ட பாடு என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். தோல் பதனிட டானின் வேண்டும் என்று தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து, மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்று நம்பிப் புல்வெளியில் நட்ட மரம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ வைத்தால் சாகாது, இன்னும் உற்சாகமாக முளைக்கும். எனக்கோ டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் பெரிய ஆட்களைத் துணைக்குக் கூப்பிடுவது என் வழக்கம். ஆன்சல் ஆடம்ஸ் 1944-ல் கலிஃபோர்னியாவில் லோன் பைன் என்ற ஊரருகே நின்று சியரா நெவாடா மலையை எடுத்தார். அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மலைச்சரிவில் வெள்ளையடித்து ஊர்ப்பெயரின் முதல் எழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ஆடம்ஸுக்கு அது பிடிக்கவில்லை. படத்திலிருந்து அதை மறைத்துவிட்டார். மேதையே மலையைத் துடைத்திருக்கிறார், வத்தலக்குண்டுக்காரன் துடைத்தால் என்ன என்று கேட்டுக்கொண்டு படுக்கப் போனேன். தான் மறைத்ததை ஆடம்ஸ் பின்னால் ஒரு புத்தகத்தில் தன் கைப்பட எழுதியும் வைத்தார். அதுவும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பாதியை நினைக்காமல் படுத்தேன்.

படம் ஓடியது. என் வாழ்க்கையில் வேறு எந்தப் படமும் அப்படி ஓடியதில்லை. ஓர் அச்சகம் காலண்டருக்கு வாங்கியது. கொடைக்கானலில் ஓர் ஓட்டல்காரர் ஆறடி அகலத்தில் கேன்வாஸில் அச்சடித்து வரவேற்பறையில் மாட்டினார். கீழே 'நீலக்குறிஞ்சி, மேல்மலை, 2018' என்று தங்க எழுத்தில் போட்டார். அந்த மூன்று சொற்களையும் எழுதிக் கொடுத்தது நான். சொந்தக்காரர்கள் முதன்முறையாக என்னைக் 'கலைஞன்' என்றார்கள். ஜீப் தம்பி மட்டும் போன் போட்டுத் திட்டினான். "அண்ணே, உங்க போட்டோவக் காட்டி இந்த இடத்துக்குத்தான் போகணும்ங்கிறாங்க. கூட்டிட்டுப் போய் நிறுத்துனா, இது இல்ல, வேற இடம், நீ ஏமாத்துறங்கிறாங்க. வாடகையில பாதியப் பிடிச்சுக்கிறாங்க. நான் என்னண்ணே பண்றது?" சிரித்துக்கொண்டே, "பூ முடிஞ்சிருச்சுன்னு சொல்லிருப்பா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

தை பிறந்தது, முகூர்த்தங்கள் நெருக்கின, ஹார்டு டிஸ்க் நிரம்பியது. ஒரு கல்யாணத்தின் ரா ஃபைல்கள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். முன்பணம் கொடுத்தவர்களின் ஃபைலில் கை வைக்க முடியாது. குறிஞ்சி ஃபோல்டரைத் திறந்தேன். முடிந்த படம் இருக்கிறது, அச்சாகிவிட்டது, காசும் வந்துவிட்டது. இந்த வெளிறிப் போனவை எதற்கு? மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு மாலை வரவேற்புக்கு இடம் கிடைத்தது. அந்த ஜோடி யார் என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு மழைநாளில் போன் வந்தது. ஓர் ஆராய்ச்சி மாணவி. ஓட்டலில் படத்தைப் பார்த்து, அங்கே விசாரித்து என் எண்ணை வாங்கியிருந்தார். பேச்சில் அவ்வளவு மரியாதை. எனக்கு முதலில் ஏதோ விருது கிருது தரப் போகிறார்களோ என்றுகூடத் தோன்றியது.

மேல்மலைப் புல்வெளிகளுக்குள் வாட்டில் எப்படி நுழைகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றிச் சொன்னார். நாற்பது ஆண்டுகளில், கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது; மரத்தோட்டமும் விவசாயமும் தின்றுவிட்டன என்று அதில் கணக்கு. நான் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்த அதே காலம். எனக்கு மலை எப்போதும் பச்சையாகத்தான் தெரிந்தது.

"ஆனா சார், அந்த மாதிரிப் படத்துல ஒரு புள்ளிங்கிறது தரையில முப்பது மீட்டர். அதுக்குள்ள அங்கொண்ணு இங்கொண்ணு கன்னு நின்னா தெரியாது. வாட்டில் முதல்ல அப்படித்தான வரும். அதனால தரையில நின்னு எடுத்த பழைய படங்களைத் தேடிட்டிருக்கேன். இந்தச் சரிவுக்கு வருஷத்தோட கிடைச்சது உங்க படம் ஒண்ணுதான்."

"அப்படியாம்மா" என்றேன். குரலில் பெருமை இருந்திருக்கும்.

"2018-ல ஒரு வாட்டில்கூட இல்ல. இப்பப் போய்ப் பார்த்தா வலது பக்கம் மொத்தமும் மரம். இத்தனை வேகமா வந்ததா வேற எங்கயும் நாங்க பார்க்கல. அதான் கொஞ்சம் இடிக்குது. மரத்தோட தடிமனைப் பார்த்தா அப்பவே இருந்திருக்கணும்னு தோணுது. ரா ஃபைல் இருந்தா ஒருதடவை அனுப்புவீங்களா சார்? பெரிசு பண்ணிப் பார்த்துக்கறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரியா ஞாபகம் இல்லையேம்மா. தேடிப் பார்த்துச் சொல்றேன்." எல்லாம் ஞாபகம் இருந்தது. தேட ஒன்றும் இல்லை என்பதும் ஞாபகம் இருந்தது.

அன்றைக்குக் கடையை அடைத்த பிறகு, உள்ளே உட்கார்ந்து படத்தைத் திறந்தேன். பல மாதங்களாக அதை முழுத்திரையில் பார்க்கவில்லை. முதலில் தோன்றியது, 'நல்லாத்தானே இருக்கு.' பிறகு மவுஸின் சக்கரத்தை உருட்டி வலது ஓரத்தைப் பெரிதாக்கினேன். ஐம்பது சதவீதம். நூறு. இருநூறு.

ஒரு குறிஞ்சிப் புதர். அதன் இடது கிளை மழையில் முறிந்து தொங்கியது. முறிந்த நுனியில், நான் எடுக்கத் தவறிய ஒரு பழுப்புப் பூ. அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொரு புதர். அதற்கும் இடது கிளை முறிந்திருந்தது. நுனியில் ஒரு பழுப்புப் பூ. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அதற்கும் மேலே, கொஞ்சம் சின்னதாக்கி ஒட்டியது, அதே முறிந்த கிளை. பக்கத்தில் இன்னொன்று, இடம்வலம் திருப்பிப்போட்டது. இதில் வலது கிளை முறிந்திருந்தது. ஒரே புதர் சரிவின் பாதியிலிருந்து முகடு வரைக்கும் வரிசையாக ஏறிப் போயிருந்தது. அது நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு வாட்டில் இருந்திருக்கிறது.

எதன் கீழே பெரிய மரம், எதன் கீழே கன்று என்று நினைவுபடுத்தப் பார்த்தேன். முடியவில்லை. அந்தப் பெண் எத்தனையோ சரிவு ஏறி இறங்கித் தேடிக்கொண்டிருக்கும் பதில் ஒருநாள் என் கையில் இருந்தது. கோணல் என்று சொல்லி அதைத்தான் துடைத்திருக்கிறேன். துடைத்த இடத்தின் கீழே தேதியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெறும் பொய்யாக இருந்தால்கூட யாரோ ஒரு சுற்றுலாப் பயணியோடு போயிருக்கும். இது ஓர் ஆய்வின் அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மச்சத்தைத் திரும்ப வைக்க அசல் ஃபைல் இருந்தது. இதற்கு இல்லை.

அழித்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். ஹார்டு டிஸ்கில் அந்த இடத்தின் மேல் எத்தனை கல்யாணம் எழுதப்பட்டதோ. யாரோ ஒரு தாய்மாமன் மாலையோடு நிற்கும் பாதிப் படம் வந்தது, மலை வரவில்லை. மெமரி கார்டு எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. விடியும்போது மனைவி வந்து, "என்னத்தத் தொலைச்சீங்க?" என்றாள். "ஒரு படம்" என்றேன். "எத்தனையோ எடுத்திருக்கீங்க" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் நானே போன் செய்தேன். சுற்றி வளைக்கத்தான் நினைத்தேன், வாய்க்கு வந்தது நேராகவே வந்துவிட்டது: மரங்கள் இருந்தன, நான்தான் எடுத்தேன், அசல் இல்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தபோது, "போன மாசமே இதை எங்க கைடுகிட்ட காட்டிட்டேன் சார்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பிறகு, வேலையில் இருப்பவர்களுக்கே உரிய அந்தச் சலிக்காத குரலில் கேட்டார்: "அன்னைக்கு உங்ககூட வேற யாராவது வந்தாங்களா சார்?"

ஜீப் தம்பி! எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு செல்போன் செல்ஃபியைப் படம் என்று நான் என்றைக்கும் எண்ணியதில்லை.

அவன் அதை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான். கீழே கீழே தள்ளிக்கொண்டே போய் எடுத்துக் கொடுத்தான். பாதி ஃபிரேமுக்கு அவன் முகம். வானம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. அடிவானம் சாய்ந்திருந்தது. என்னிடம் பழகும் பையன் யாராவது இப்படி எடுத்திருந்தால் மூன்று குறையாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவன் காதுக்கும் தோளுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் சரிவின் ஒரு பகுதி தெரிந்தது. அதில் வாட்டில் நின்றது. முகட்டில் உயரமாக, இறங்க இறங்கக் குட்டையாக, கடைசியில் பூவுக்கு நடுவே குச்சி குச்சியாக. பதிவேற்றிய தேதியும் இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுப் போனிலேயே, "ஐயோ, சூப்பர் சார்!" என்று கத்தினார். இருபது வருஷத் தொழிலில் என் படம் எதற்கும் அந்தப் பாராட்டு கிடைத்ததில்லை.

ஆனாலும் பாதிச் சரிவுக்குத்தான் விடை கிடைத்தது. மீதி, தம்பியின் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. முதலில் அவன் நின்ற இடத்திலிருந்து எடுத்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும். நகரச் சொன்னது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அடுத்த மாதம் மூன்று பேரும் மேலே போனோம். நான் அன்றைக்கு உட்கார்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் அந்தப் பெண். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கிட்டே உள்ள ஒரு பாறையும் தூரத்து முகட்டில் உள்ள ஒரு பள்ளமும் பழைய படத்தில் எப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவோ, அப்படியே கண்ணுக்கு விழும்வரை இடமும் வலமும் நகர்ந்துகொண்டே போக வேண்டும். நல்லவேளை, பாறையையும் முகட்டையும் நான் திருத்தவில்லை. கூர்மையாக்கியதோடு விட்டிருந்தேன். இடம் கிடைத்தது. உட்கார்ந்து பார்த்தால் வலது பக்கம் வானமே தெரியவில்லை. சாம்பல் பச்சை இலைகளாக மரம். அடியில் போய்க் குறிஞ்சிச் செடி இருக்கிறதா என்று தேடினோம். சருகுதான். வெளியே புல்லுக்குள் 2018 விதையில் முளைத்த செடிகள் புல்லோடு புல்லாக நின்றன. அவை பூக்க 2030 ஆகும்.

"எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட வேண்டியதுதானே?" என்று ஜீப் தம்பி கேட்டான். அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. சோலையை ஒட்டிய சில இடங்களில் வாட்டில் நிழலில்தான் சோலைக் கன்றுகள் முளைக்கின்றன, அங்கே கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் அவையும் போகும். புல்வெளிக்குள் விட்டால் புல்லும் குறிஞ்சியும் போகும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று அவருடைய துறையிலேயே சண்டை இருக்கிறது என்றார். ஒரு மரத்துக்கு இவ்வளவு யோசிக்கிறார்கள்.

போலரைசரைக் கழற்றச் சொன்னார். லென்ஸ் 35 மி.மீ., கேமரா இவ்வளவு உயரம், உச்சி வெயில், இடத்தின் ஜிபிஎஸ் எண் நோட்டில். சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கம்பு ஒன்றைத் தம்பி பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க வேண்டும். நான் பழக்க தோஷத்தில் சூரியன் மேகத்துக்குள் போகட்டும் என்று காத்திருந்தேன். "சார், அழகா எடுக்க வேண்டாம். எடுங்க போதும்." ஓரத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் கிடந்தது. அதையும் அப்படியே விடுவதா என்று கேட்டேன், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை எடுத்துப் பையில போட்டுட்டு அப்புறம் எடுங்க சார். குப்பை குப்பைதான்."

இன்றைக்கும் நான் படங்களைத் திருத்துகிறேன். பருவை எடுக்கிறேன், மச்சம் இருக்கிறதா என்று முதலில் பெண்ணின் அம்மாவிடம் கேட்டுவிட்டு. மலைப் படத்துக்கு நிறமும் ஏற்றுகிறேன்; ஏற்றாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரா ஃபைல் எதையும் அழிப்பதில்லை. ஹார்டு டிஸ்க் வாங்கும் செலவைப் பார்த்து மனைவி, "கல்யாணத்துல சம்பாதிச்சு மலைக்கு மொய் வைக்கிறீங்க" என்கிறாள்.

ஓட்டல் படம் ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. போய் மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி, அதை இறக்கிவிடச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "சார், வர்ற கெஸ்ட் எல்லாம் அதுக்கு முன்னாடி நின்னுதான் போட்டோ எடுக்கறாங்க!" பதிலுக்கு, கம்பு பிடித்துத் தம்பி நிற்கும் புதுப் படத்தை இலவசமாக அச்சடித்துத் தருகிறேன் என்று போனில் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்தார். "இதுல பூவே இல்லையே சார்?" பேசிப் பேசிக் கடைசியில் படத்தின் கீழே ஒரு சின்னப் பட்டை ஒட்டிக்கொள்ள ஒத்துக்கொண்டார். 'இந்தச் சரிவில் வாட்டில் மரங்கள் நின்றன. பூக்களில் பல, ஒரே புதரின் நகல். படத்தில் மாற்றியவர்: எடுத்தவர்' என்று அச்சடித்து நானே ஒட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது பட்டைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி இருந்தது. நகர்த்தி வைத்தேன். இப்போது மேலே போகும்போதெல்லாம் அங்கே ஒரு காபி குடிக்கிற சாக்கில் உள்ளே நுழைகிறேன். தொட்டி ஒவ்வொரு தடவையும் பட்டைக்கு முன்னால் வந்திருக்கிறது. நானும் நகர்த்துகிறேன். காபி விலைதான் ஏறிக்கொண்டே போகிறது.